தோட்டத்து ஷெட்டில் ஒரு கோல்ஃப் மைதானம்

என் தங்கை ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற ஊரில் இருக்கிறாள். 2023 ஆகஸ்டில் அவள் கணவருக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. "அக்கா, ஒரு மாசம் வந்து கூட இரேன்" என்று போனில் அழுதாள். "போயிட்டு வா, ரசம் வைக்க எனக்குத் தெரியும்" என்றார் என் வீட்டுக்காரர். நவம்பர் நடுவில் மதுரையை விட்டுக் கிளம்பினேன்.

டண்டீ, டே ஆற்றங்கரை ஊர். ஒரு காலத்தில் வங்காளத்துச் சணல் கப்பல் கப்பலாக வந்து இறங்கி, இங்கே சாக்காக மாறியதாம். நவம்பர் கடைசியில் மாலை மூன்றே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. நாம் இரண்டாவது காபி குடிக்கிற நேரத்தில் அங்கே ராத்திரி!

தங்கை கணவருக்கு கோல்ஃப் என்றால் உயிர். கோடையில் நாலைந்து மைல் நடந்து ஆடுவாராம். மூன்று மாதம் கழித்து மட்டையை மெதுவாகப் பிடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் வெளியே இருட்டு, பனி. கடுங்குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்குமே என்று தங்கைக்குப் பயம். மனுஷர் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்தான். கேட்டால் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சற்று வெயில் அடித்தபோது, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி செயின்ட் ஆண்ட்ரூஸ் போனோம். கோல்ஃபின் தாய்வீடு என்கிறார்கள். பழைய மைதானத்தில் ஞாயிறன்று பொதுவாக ஆட்டம் கிடையாது. யார் வேண்டுமானாலும் நடக்கலாம். ஆடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஓடைமேல் உள்ள குட்டிக் கல் பாலத்தில் நானும் நின்றேன். இங்கே 22 குழிகளாக இருந்ததை 1764-இல் 18 ஆக்கினார்கள். பிறகு உலகமே அதைப் பின்பற்றியது. பக்கத்தில் மேடும் பள்ளமுமாக ஒரு புல்வெளி. பெயர் 'ஹிமாலயாஸ்'! 1867-லேயே பெண்கள் அங்கே தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்து ஆடியிருக்கிறார்கள். எதிரே உள்ள பெரிய கிளப் பெண்களை உறுப்பினராகச் சேர்க்கச் சம்மதித்ததோ 2014-இல்தான். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது.

திரும்பி வரும்போதுதான் தங்கை சொன்னாள். "நம்ம தோட்டத்து ஷெட்டுல திரை கட்டி, அவரை உள்ளேயே ஆட வைக்கலாம்க்கா."

ஷெட் 14 அடி நீளம், 10 அடி அகலம். உயரம்தான் இடைஞ்சல். நடுவே ஒரு பரண்; அதை எடுத்தால்தான் மட்டை வீச இடம். பரண்மேல் எங்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டி. 2009-இல் தங்கை பிரசவத்துக்கு வந்தவள், "அடுத்த தடவைக்கு இருக்கட்டும்" என்று வைத்துவிட்டுப் போனது. அடுத்த தடவை வரவில்லை. 2015-இல் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"அம்மா பெட்டியை எடுக்காதே" என்று கத்திவிட்டேன். "நீ வந்து பார்த்தியா? எனக்கு அவர் எழுந்திரிக்கணும்" என்றாள் அவளும். ஒருவழியாகத் திறந்தோம். புடவைகளில் பூஞ்சணம் பிடித்து, தொட்டால் கிழிந்தன. பத்திரமாக வைத்ததாக நினைத்ததை ஈரம் தின்றிருந்தது. பித்தளை முறுக்கு அச்சு மட்டும் மிச்சம். எங்கள் அழுகைச் சத்தம் கேட்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அவர் தானாகவே ஷெட்டுக்கு வந்தார்.

அதனால் முதல் வேலை ஈரத்தைத் தடுப்பதுதான். தரையில் கனமான பிளாஸ்டிக் விரிப்பு, மேலே பிளைவுட், ரப்பர் பாய். சுவருக்கு நுரைப் பலகை. காற்றுக்கு ஒரு துவாரம். எலக்ட்ரீஷியன் வந்து தனி லைன் இழுத்து, கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்சும் வைத்தார். பரணை எடுத்தபின் அவர் பந்தில்லாமல் மட்டையை மெள்ளச் சுழற்றிப் பார்த்தார். கூரைக்கு ஒரு சாண் மிச்சம்! நம்ம ஊர் உயரம் கைகொடுத்தது. ஆனாலும் நீளமான மட்டை வேண்டாம், குட்டை மட்டைகள் போதும் என்று முடிவு.

கனத்த திரையை, பந்து எகிறாமல் இருக்க, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளித் தளர்வாகத் தொங்கவிட்டோம். இருபுறமும் வலை. பந்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கேமராப் பெட்டி. பந்து கிளம்பும் வேகம், கோணம், சுழற்சி எல்லாவற்றையும் அது அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. பந்து திரையில் மோதிக் கீழே விழுந்தாலும், படத்தில் அது பறந்துகொண்டே இருக்கிறது.

டிசம்பரில் ஒருநாள், டாக்டரிடம் மறுபடி கேட்டுக்கொண்டு, கை கால்களை நன்றாக உதறி, முதல் பந்தை அடித்தார். திரையில் நாங்கள் நடந்த அதே செயின்ட் ஆண்ட்ரூஸ், அதே கல் பாலம்! பந்து ஓடையில் விழுந்தது. "ச்சே!" என்றார் உரக்க. அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் அந்த ஒரு மாதத்தில் கேட்டதில்லை. தங்கை கதவோரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் இப்படிச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று: கனமான புல் விரிப்பாக வாங்குங்கள். கெட்டித் தரையில் அடித்தால் மணிக்கட்டும் முழங்கையும் வலிக்கும்.

முறுக்கு அச்சை நான் மதுரைக்குக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது அது பரணில் இல்லை, அடுப்படியில் இருக்கிறது.