குலுக்காத சீட்டு

எங்கள் தோட்ட லயத்தில் மாதச் சீட்டு எடுக்கிற அன்று, அம்மா பேர் எழுதிய துண்டுகளைச் சொம்பில் போட்டு, உள்ளங்கையால் அதன் வாயைப் பொத்தி, காதோரம் வைத்துக் குலுக்குவார். துண்டை எடுப்பது எப்போதும் எழுத்துத் தெரியாத ஒரு பிள்ளை. இதைப் பார்த்து வளர்ந்த நான்தான் 2009இல் ஹட்டனில் அந்தப் புரோகிராமை எழுதினேன்.

ஒரு நெட் கஃபேக்கு இணைய நேரம் தரும் கார்டு அச்சிட வேண்டும். ஒவ்வொன்றிலும் எட்டெழுத்து இரகசியக் குறி. சி மொழியில் எல்லோரும் செய்கிறபடி எஸ்ரேண்டுக்குத் தொடக்க எண்ணாகக் கடிகார நேரத்தைக் கொடுத்துவிட்டு ரேண்டை அழைத்தேன். திரையில் எழுத்துகள் தாறுமாறாகத்தான் ஓடின.

சில வாரத்தில், விற்காத கார்டுகளிலேயே நேரம் தீர்ந்திருந்தது. முதலாளி கேட்டார். "புரோகிராம்ல பிழையில்ல, கடைக்குள்ள பாருங்க" என்றேன். கடைக்குள் இருந்தது கவுண்டர் பையன் ஒருவன்தான். மறுநாள் அவன் வேலையில் இல்லை.

உண்மையைக் காட்டியது என் ஞாயிறு வகுப்பு மாணவன் ஒருவன். அதே வரிகளைத்தான் வகுப்பிலும் பெருமையாக எழுதிப்போட்டிருந்தேன். விதை எனப்படும் அந்தத் தொடக்க எண் ஒன்றானால் ரேண்ட் தரும் வரிசையும் ஒன்றே. கார்டின் மூலையில், அழகுக்காக, அச்சிட்ட நேரத்தை நிமிடம்வரை போட்டிருந்தேன். ஒரு நிமிடத்தில் 60 விநாடி. ஆக 60 தொடக்கங்கள். தன் கார்டின் குறியைத் தரும் விநாடியைப் பிடித்ததும், அந்தக் கட்டின் மற்றக் குறிகளும் அவன் திரையில் வரிசையாக வந்து நின்றன. 1995இல் நெட்ஸ்கேப் உலாவியும் நேரத்தையும் புராசஸ் எண்களையும் நம்பி, பெர்க்லி மாணவர் இருவரிடம் இப்படித்தான் மாட்டியது. நான் எழுதியதோ அதற்குப் பதினான்கு வருடம் கழித்து!

பிறகு லினக்ஸின் டெவ் யூரேண்டம் கோப்புக்கு மாறினேன். வன்பொருளில் குறுக்கீடுகள் வந்துவிழும் நேரங்களின் நுண்ணிய ஒழுங்கின்மையைக் கர்னல் திரட்டிக் கலக்கி வைத்திருக்கும். சொம்பைக் குலுக்குகிற வேலை அதனுடையது. அதிலும் சொதப்பினேன். ஒவ்வொரு குறிக்கும் கோப்பைத் திறந்தேன், மூடவில்லை. ஒரு புராசஸ் ஒரே நேரத்தில் திறக்கக்கூடியது வழக்கமாக 1024 கோப்புகள். ஆயிரத்துச் சொச்சம் கார்டுக்குப் பிறகு திறப்பது தோற்றது; அதை நான் சோதிக்கவுமில்லை. பழைய பைட்டுகளே கிடந்து, மிச்சக் கார்டெல்லாம் ஒரே குறி!

2014இல் லினக்ஸ் 3.17 கெட்ரேண்டம் அழைப்பைக் கொண்டுவந்தது, கோப்பே வேண்டாம். கேட்ட அத்தனை பைட்டும் வந்ததா என்று பார், வராவிட்டால் புரோகிராமை நிறுத்து, ரேண்டுக்குத் திரும்பாதே என்றுதான் இப்போது வகுப்பில் சொல்கிறேன்.

மாணவன் காட்டிய அந்த வாரமே டிக்கோயா பக்கம் அந்தக் கவுண்டர் பையனின் லயத்துக்குப் போனேன். அவன் கொழும்பில் ஒரு கடைக்குப் போய்விட்டிருந்தான். கொழுந்துக் கறை படிந்த விரலோடு அவன் அம்மா தேத்தண்ணி தந்தார். விநாடி, விதை என்று ஏதோ தொடங்கினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சீட்டுச் சொம்ப நான் குலுக்கவே இல்லம்மா" என்றேன்.

கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தார். "அத அன்னைக்கே மொதலாளிக்கிட்ட சொல்லியிருக்கலாந்தானே, சேர்?"