காமிராவும் மூன்று நிபந்தனைகளும்

வீடு கட்டப் போகிறவனுக்கும் காமிரா வாங்கப் போகிறவனுக்கும் யோசனை சொல்ல இந்த உலகத்தில் ஆட்களுக்குக் குறைவே கிடையாது. "பொழுதுபோக்காகப் புகைப்படம் எடுக்கலாமென்று இருக்கிறேன், ஒரு டிஜிடல் காமிரா வாங்க உத்தேசம்" என்று நான் வாய் திறந்ததுதான் தாமதம், அடுத்த வீட்டு நண்பர், "ஸார், புள்ளிகள் எத்தனை கோடி என்று முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு!" என்றார். காரியாலய நண்பர் ஒருவர், "காமிரா கிடக்கட்டும்; லென்ஸ்தான் பிராணன்" என்றார். என் தம்பி மகனோ, "எதற்குப் பெரியப்பா வீண் செலவு? சட்டைப் பையில் இருக்கிற டெலிபோனே போதுமே!" என்று ஒரே வார்த்தையில் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டான்.

இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால், "நீர் எதைப் படம் பிடிக்கப் போகிறீர்?" என்று ஒருவராவது கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது.

என் தாயாருக்கு வயது எண்பத்திரண்டு. எங்கள் வீட்டில் கலியாண ஆல்பங்கள் ஆறு இருக்கின்றன. ஆறிலும் அம்மா இருக்கிறாள். ஆனால் அவளுடைய உண்மையான முகம் ஒன்றிலும் இல்லை. காமிராவைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறைத்துக்கொண்டு, ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்க வந்தவளைப் போல் விறைத்து நின்றுவிடுவாள். நான் விரும்பியதோ, விளக்கேற்றும் வேளையில் கூடத்தில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டே ஊர்க் கதை சொல்லிச் சிரிக்கும் அம்மாவை. அந்தச் சிரிப்பு இந்த வீட்டில் இன்னும் எத்தனை காலம் கேட்கும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆகவே, வருஷக் கணக்கில் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க எனக்கு அவகாசமில்லை.

அச்சமயத்தில் எனக்குக் கை கொடுத்தவர் மகாத்மா காந்தி என்று சொன்னால் நேயர்கள் நகைக்கக்கூடும். காந்திஜிக்குப் பேரன் முறையுள்ள கனு காந்தி, சேவாக்கிராம ஆசிரமத்தில் வாழ்ந்த இளைஞர். கன்சியாம் தாஸ் பிர்லா கொடுத்த 100 ரூபாயைக் கொண்டு அவர் ஒரு 'ரோலிபிளெக்ஸ்' காமிரா வாங்கினார். தம்மைப் படம் பிடிக்க அவருக்கு அனுமதி கொடுத்த காந்திஜி, மூன்று நிபந்தனைகள் விதித்தார். மின்னல் விளக்குப் போடக்கூடாது. 'இப்படி நில்லுங்கள், அப்படித் திரும்புங்கள்' என்று சொல்லக்கூடாது. செலவுக்கு ஆசிரமத்தில் பணம் கேட்கக்கூடாது. இந்த நிபந்தனைகளுக்குள் நின்று எடுத்த படங்களில்தான் காந்திஜியின் கடைசிப் பத்து வருஷ வாழ்க்கையை நாம் இன்று அவ்வளவு அருகில் பார்க்கிறோம். எனக்கு வேண்டியதும் இந்த மூன்றேதான் என்று கண்டேன்.

முதலாவது, மின்னல் விளக்குக் கூடாது. மாலை மங்கிய கூடத்தில், இருக்கிற வெளிச்சத்தைக் கொண்டே படம் பிடிக்க வேண்டுமானால், காமிராவிடம் இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டும். பழைய காலத்துப் பிலிமின் ஸ்தானத்தில் இப்போது இருக்கும் 'சென்ஸார்' என்னும் ஒளியுணர் தகடு எவ்வளவு பெரியது? லென்ஸின் வாய் எவ்வளவு அகலம்? முழு அளவுத் தகடு என்பது 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உள்ளது. 'ஏ.பி.எஸ்.-சி' என்ற நடுத்தர அளவு ஏறக்குறைய 23.5-க்கு 15.6. டெலிபோன்களில் உள்ள தகடோ பெரும்பாலும் இவற்றைவிடப் பல மடங்கு சிறியது. முற்றத்தில் வெயில் காயும்போது என் தம்பி மகன் சொன்னது வாஸ்தவம்தான். டெலிபோன் அழகாகவே படம் பிடிக்கும். இருட்டில் அது பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்துச் சமாளிக்கிறது. ஆனால் பூத் தொடுக்கும் விரல்கள் அதற்காகக் காத்திருப்பதில்லை.

லென்ஸ் விஷயத்தில் எண் சிறிதானால் வாய் பெரிது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். காமிராவோடு சேர்த்துக் கொடுக்கும் ஸூம் லென்ஸை நீட்டினால் அதன் அளவு பெரும்பாலும் 5.6-க்கு வந்துவிடுகிறது. 1.8 என்று குறித்த லென்ஸ் அதைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். அதாவது, முன்னதற்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தேவைப்படும் இடத்தில், பின்னதற்கு நூற்றில் ஒரு பங்கு போதும். கை நடுக்கத்தைத் தடுக்கும் யந்திர வசதி இருக்கிறதே என்பார்கள். அது எடுப்பவனுடைய கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். எதிரே இருப்பவர் தலையாட்டிச் சிரிப்பதை அது நிறுத்திவைக்காது.

இரண்டாவது, நிற்கச் சொல்லக்கூடாது. சொல்லாமல் எடுக்க வேண்டுமானால் காமிரா சிறியதாகவும், சத்தம் செய்யாததாகவும் இருக்க வேண்டும். உள்ளே கண்ணாடி வைத்த பழைய மாதிரிக் காமிராவில், ஒவ்வொரு படத்துக்கும் அந்தக் கண்ணாடி மேலே எழும்பி 'படக்'கென்று ஓசை செய்யும். 2008-ஆம் வருஷத்திலிருந்து வரும் கண்ணாடியில்லாக் காமிராக்களில் அந்த ஓசை இல்லை. ஓசையே இல்லாமல் எடுக்கும் மின்னணு ஷட்டரும் பலவற்றில் உண்டு. ஆனால் சிலவகை எல்.இ.டி. விளக்குகளின் கீழ் அப்படி எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். வாங்குமுன் கடையிலேயே சோதித்துப் பார்ப்பது நலம்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. கனு காந்தியின் ரோலிபிளெக்ஸ், கண்ணில் ஒட்டிவைத்துப் பார்க்கிற காமிரா அல்ல. வயிற்றருகில் பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்ப்பது. எடுப்பவரின் முகத்தை அது மறைப்பதில்லை. இக்காலத்தில், மேல்நோக்கி மடக்கக்கூடிய திரையுள்ள காமிராவில் அதே சௌகரியம் இருக்கிறது. அத்தகைய ஒன்றைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். முதல் இரண்டு நாள் அம்மா, "இந்தக் கிழவியைப் போய் எதுக்குடா படம் பிடிக்கிறாய்?" என்று கோபித்துக்கொண்டாள். நான் காமிராவை மடியில் வைத்துக்கொண்டு கதை கேட்டேன். ஒரு வாரத்தில் அவள் காமிராவை மறந்தே போனாள். இப்போது என்னிடம் ஒரு படம் இருக்கிறது. மூக்குக்கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்திருக்கிறது. நாரைப் பல்லில் கடித்துக்கொண்டே சிரிக்கிறாள். ஆறு ஆல்பங்களையும் அந்த ஒரு படத்துக்கு ஈடாகக் கொடுத்துவிடுவேன்.

மூன்றாவது நிபந்தனை பணம். அடுத்த வீட்டு நண்பரின் 'எத்தனை கோடி' என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. 1975-ஆம் வருஷத்தில் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் ஸாஸன் என்ற எஞ்சினீயர் செய்த முதல் டிஜிடல் காமிரா மூன்றரைக் கிலோவுக்கு மேல் கனம். அதன் படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகள். ஒரு படத்தைக் காஸெட் நாடாவில் பதிய 23 விநாடி ஆயிற்று. இன்று 2 கோடியே 40 லட்சம் என்பது சர்வ சாதாரணம். ஆனால் 10 அங்குலத்துக்கு 8 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நேர்த்தியாக அச்சிட 72 லட்சமே போதும். வீட்டுக் கூடத்தில் மாட்ட அதற்கு மேல் பெரிய படம் எத்தனை பேருக்கு வேண்டும்? ஆகையால் புள்ளிகளுக்காக அதிக விலை கொடுக்காமல், சில வருஷத்துப் பழைய காமிராவையும் நல்லதொரு 1.8 லென்ஸையும் வாங்குவது புத்திசாலித்தனம்.

பழைய சாமான் வாங்குகிறவர்கள், லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், சிலந்தி வலை போலப் பூஞ்சை உள்ளே படர்ந்திருக்கும். ஷட்டர் எத்தனை தடவை இயங்கியிருக்கிறது, பாட்டரி இன்னும் கடையில் கிடைக்கிறதா என்பவற்றையும் விசாரிக்க வேண்டும். வாங்கிய பிறகு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

விலையுயர்ந்த யந்திரம் இல்லையே என்று ஏங்குகிறவர்கள் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்ளட்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான அவர், வேறு வேறு காமிராக்களின் பாகங்களை இணைத்துத் தாமே ஒன்றை உண்டாக்கிக்கொண்டார். அதன் கனத்தைப் பரிகாசம் செய்து 'ஸூப்பர் பாண்டரோஸா' என்று பெயரும் வைத்தார். அதைச் சுமந்து சென்றுதான் நமது காடுகளையும் யானைகளையும் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தார். காமிரா பிற தேசத்துச் சரக்காயிருந்தாலும், எதைப் பார்ப்பது என்று தீர்மானித்த கண் இந்தத் தேசத்துக் கண்தான்.

ஆதலால், காமிரா வாங்க விரும்பும் நேயர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான்: கடைக்குப் புறப்படுமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். யாரை அல்லது எதைப் படம் பிடிக்கப் போகிறோம், எந்த வெளிச்சத்தில், கையில் எத்தனை ரூபாயோடு? பிறகு கடைக்காரர் எதைக் காட்டினாலும் காகிதத்தை ஒரு முறை பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். பாதி அலமாரி அப்பொழுதே காலியாகிவிடும்.