‘கற்பிட்டி’ உடைந்த இடம்

நவம்பர் பிறந்தால் கற்பிட்டிக் கடலில் டொல்பின் பருவம். அதற்கு முன்னரே படகுக்காரர்களுக்கு விசிட்டிங் கார்ட் கையில் இருக்க வேண்டும். சாச்சாவின் படகுச் சேவைக்கு நான்தான் கார்ட் வடிவமைத்தேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயர், ஊர், தொலைபேசி எண். கீழ்ப்பாதி முழுக்கக் களப்பின் நீலம்.

மூன்றரை அங்குலத்துக்கு இரண்டு அங்குல அட்டைதான். ஆனாலும் அச்சுக்கு அனுப்புமுன் பார்க்க வேண்டியவை நிறைய. கட்டிங் மெஷினின் கத்தி ஒரு கட்டு அட்டையை ஒரே அமுக்கில் வெட்டும்போது அட்டைகள் இம்மியளவாவது நகரும். அதனால் நீலம் வெட்டுக்கோட்டோடு நிற்காமல் நாலு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் வெளியே போக வேண்டும். இதைத்தான் அச்சகத்தில் ‘பிளீட்’ என்கிறார்கள். எழுத்துகள் கோட்டிலிருந்து அதே அளவாவது உள்ளே தள்ளி நிற்க வேண்டும். திரையில் தெரியும் நீலம் ஒளியால் ஆனது. அட்டையில் அது சயான், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைக்குள் அடங்க வேண்டும். அடங்கும்போது கொஞ்சம் மங்கும். பொடி எழுத்துக்குக் கறுப்பு மை ஒன்று மட்டும் போதும். நான்கையும் கலந்து கறுப்பு ஆக்கினால், ஒரு தகடு மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிறம் கசிந்தது போலத் தெரியும்.

இவை எல்லாவற்றையும் பார்த்து வெளியூர் அச்சகத்துக்கு அனுப்பிய கார்டின் புரூஃப் வட்ஸ்அப்பில் வந்தது. ‘சேவை’ என்ற சொல்லில் ஏகாரக் கொம்பும் ஐகாரக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டியிருந்தன. அச்சகத்து நானாவுக்கு இது புதிதல்ல.

“யுனிகோட் எங்கட மெஷின்ல உடையும் தம்பி. பாமினில அடிச்சுத் தாங்க, இல்லாட்டி கர்வ் பண்ணித் தாங்க.”

சொல்லிவிட்டு அவரே பாமினியில் அடித்து பைலைத் திருப்பி அனுப்பினார். என் கணினியில் பாமினி எழுத்துரு இல்லை. ‘கற்பிட்டி’ இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியுமாக எட்டு உருவங்கள் கிடந்தன. எஃப், டபிள்யூ, அரைப்புள்ளி, ஜி என்று போனது அந்த வரிசை. இப்படிப்பட்ட வரிகளை இலங்கையில் கணினியில் தமிழ் படித்த எவரும் கண்டிருப்பார்கள். ஆனால் எங்கள் ஊரின் பெயரே அப்படிக் கிடந்ததைப் பார்த்தபோது கடந்துபோக மனம் வரவில்லை. உற்றுப் பார்த்தேன். வரிசையில் அரைப்புள்ளி இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று ‘ற்’ வரும் இடம், மற்றது ‘ட்’ வரும் இடம். ஆக, அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. கடைசி எழுத்தான ‘டி’க்கு மட்டும் தனியாக ஒரே விசை. ஏதோ ஒழுங்கு தெரிந்தே யாரோ இதை அமைத்திருக்கிறார்கள். யார், எதற்காக?

பாமினி போன்ற எழுத்துருக்களின் வழி எளியது. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துவிடுவார்கள். கணினி தன்னிடம் ஆங்கில எஃப் இருப்பதாகவே நினைக்கும். கண்ணுக்கு மட்டும் ‘க’ தெரியும். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த எஃப் வெளியே வந்துவிடும். ஆனால் ‘க’வுக்கு எஃப் என்ற இடத்தை யார் கொடுத்தது? ஒலியில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது. மாமி யாழ்ப்பாணத்தில் தட்டச்சுப் படித்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது குடும்பத்தோடு கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார். மெஷினைக் கொண்டுவர முடியவில்லை. பிறகு அதைத் தொடவும் வாய்ப்பு வரவில்லை. பாமினியை நிறுவி மடிக்கணினியை அவர் முன்னால் வைத்தேன். விரல்களை நடுவரிசையில் வைத்தார், கீழே பார்க்காமல் அடித்தார். திரையில் ‘யளனகபக’ என்று வந்தது. தட்டச்சு வகுப்பின் முதல் பாடம் அது. ‘க’ இடக்கையின் சுட்டுவிரலுக்குக் கீழே இருந்தது. ஆங்கிலப் பலகையில் அங்கேதான் எஃப் இருக்கிறது.

அடுத்து ஊர்ப் பெயரை அடிக்கச் சொன்னேன். புள்ளிகள் இடம் மாறி விழுந்தன. மாமி புள்ளியை முதலில் அடித்துவிட்டு எழுத்தைப் பிறகு அடித்தார். பாமினியில் எழுத்து முதலில், புள்ளி பிறகு. “மெஷின்ல புள்ளி அடிச்சா வண்டில் நகராது மகன். அதுக்கு மேலதான் எழுத்த அடிக்கணும்” என்றார்.

அந்த நகராத விசையைத் தேடிப்போனால் யாழ்ப்பாணத்துச் சுண்டுக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையாவிடம் போய்ச் சேரலாம். இளவயதிலேயே மலாயாவுக்குப் போனவர், அங்கே தமிழுக்கு ஒரு தட்டச்சுப் பொறியை வகுத்தார். ஆங்கிலத்துக்கென்று அமைந்த சில டசின் விசைகளுக்குள் இருநூற்று நாற்பத்தேழு தமிழ் எழுத்துகளையும் கொண்டுவர வேண்டியிருந்தது. புள்ளியும் ‘கி’யில் வரும் விசிறியும் தாளில் பதிந்தாலும் தாளைச் சுமக்கும் வண்டிலை நகர்த்தாத விசைகளில் வைக்கப்பட்டன. அவற்றை அடித்த பிறகு எழுத்தை அடித்தால் அதே இடத்தில் வந்து பொருந்தும். பொறிகள் ஜெர்மனியில் உற்பத்தியாகின. தமிழ் அலுவலகங்கள் பல தலைமுறை அந்தப் பாடத்தில்தான் விரல் பழகின. கணினி வந்தபோது அந்த விரல்களை மறுபடி பள்ளிக்கு அனுப்ப யாரும் விரும்பவில்லை. பாமினி பழைய இருக்கைகளைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டது. 2008இல் இலங்கை வகுத்த எஸ்எல்எஸ் 1326 தரமும் தட்டச்சு வழிவந்த ரெங்கநாதன் விசைப்பலகையையே ஏற்றது. தமிழ்நாடு 1999இல் தமிழ்99 என்று வேறு பாதையில் போனது.

கொம்பு ஏன் இடம் மாறியது என்பதும் இங்கேயே தெளிந்தது. மெஷினிலும் பாமினியிலும் ‘கொ’வை அடிக்கும் வரிசை கொம்பு, ‘க’, கால்; கண் காணும் வரிசைதான். ஈய எழுத்துகளைக் கோத்த அச்சுக்கோப்பாளர்களின் கையும் அப்படித்தான் போயிருக்கும். யுனிகோட் 1991இல் இந்தியாவின் இஸ்கி முறையைத் தழுவி வேறு முடிவெடுத்தது. முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. உச்சரிக்கும் வரிசையில் சேமித்துவிட்டு, காட்டும்போது கொம்பை இடப்பக்கம் நகர்த்தும் பொறுப்பை மென்பொருளிடம் விட்டது. அந்தப் பொறுப்பை அறியாத பழைய பதிப்பு மென்பொருள், சேமித்த வரிசையை அப்படியே காட்டிவிடும்.

கற்பிட்டிக்காரர் எழுதியது வெளியூரில் அச்சாவது இன்று நேற்று வந்ததல்ல. இங்கே 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டியின் இலங்கை விவரத்திரட்டு 1834இல் கோட்டேயில் அச்சானது. தமிழ்ப் புலவர் வரலாறான ‘தமிழ் புளூட்டாக்’ 1859இல் யாழ்ப்பாணத்தில். எழுதியவருக்கும் அச்சுக்கும் நடுவே அன்றைக்கும் வேறொருவரின் விரல்கள் இருந்தன.

பாமினியைப் பழசு என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. மாமியின் தலைமுறை கைப்பழக்கமாகக் கொண்டுவந்ததை அச்சகத்து நானா இன்றும் சோறாக்கிக்கொண்டிருக்கிறார். ஆனால் பாமினியில் மட்டும் வைத்த பெயர் தேடினால் கிடைக்காது. எழுத்துரு போய்விட்டால் பெயரும் போய்விடும். ஆகவே மூலப் பிரதி யுனிகோட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். அச்சுக்குப் போகும் பிரதியை மட்டும் கர்வ் ஆக்கினேன். கர்வ் ஆக்கினால் எழுத்து வெறும் கோட்டுருவமாகிவிடும், எந்த இயந்திரத்திலும் உடையாது. தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் பிழைத்தாலும் தட்டித் திருத்த முடியாது என்பதால், சாச்சாவை உட்காரவைத்து ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசிக்கச் சொன்ன பிறகே அதைச் செய்தேன்.

அட்டை வாங்கப் போனபோது சிங்கள வரிக்கு என்ன செய்தீர்கள் என்று நானாவிடம் கேட்டேன். எஃப்எம் அபயா எழுத்துருவில் அடித்தாராம். அது விஜேசேகர விசைப்பலகை, சிங்களத் தட்டச்சுப் பொறியில் இருந்து வந்தது.