என் விரலும் அக்காள் விரலும்

படுக்கை விரிப்பு ஒன்று ஒரு மனிதனின் விரலைக் கெடுத்துவிடும் என்றால் நம்புவீர்களா? சென்ற வருஷம் ராஜபாளையத்தில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகினேன். 'டக்'கென்று ஒரு சத்தம். வலக்கை நடுவிரலின் நுனி, வாத்தியாரிடம் அகப்பட்ட பையனைப் போலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது!

பேனா பிடிக்கிற விரலாயிற்றே! டாக்டரிடம் ஓடினேன். "நுனியை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கிறது" என்றார். தசையையும் எலும்பையும் இணைக்கும் கயிறு அது. நாம்தான் அதை 'நரம்பு' என்கிறோம். சிம்பு வைத்துக் கட்டி, "எட்டு வாரம் இரவும் பகலும் நிமிர்ந்தே இருக்கட்டும். ஒரு தடவை மடங்கினாலும் கணக்கு முதலிலிருந்துதான்" என்று எச்சரித்தார்.

கட்டோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்காள் வீட்டுக்குப் போனேன். "என்னடா தம்பி இது?" என்று பதறிப்போய் என் கையைப் பிடித்தாள். அப்போதுதான் கவனித்தேன். அவளுடைய மற்ற விரல்கள் மடங்கின. மோதிர விரல் மட்டும் விறைத்து நின்றது.

மூன்று வருஷத்துக்கு முன் அதன் அடியில் அரிவாள்மணை பட்டது. "சின்னக் காயம்தானே அக்கா!" என்று மஞ்சள் தூள் வைத்துத் துணி சுற்றியவன் நானேதான். அதற்குப் பிறகு எத்தனை தடவை அந்தக் கையால் சாப்பிட்டிருப்பேன்!

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் காயக்கட்டுத் துணி பல ஊர்களுக்குப் போகிறது. ஆனால் எந்தக் கட்டும் தோலைத்தான் மூடும். உள்ளே அறுந்த தசைநாணின் முனை உள்ளங்கைக்குள் சுருங்கிக்கொள்ளும். டாக்டர்தான் தேடிப் பிடித்துத் தைக்க வேண்டும். அதையும் சில நாட்களுக்குள் செய்வதே நல்லது. "விரலை மடக்கு, பார்க்கலாம்" என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பெரியாழ்வார் மாலை தொடுத்த ஊரில் அக்காள் இப்போது பூத் தொடுப்பதில்லை. "நார் நழுவுதுடா" என்று சிரிக்கிறாள்.

நாள் கடந்தாலும் வழியே இல்லாமல் போகவில்லை. வேறிடத்துத் தசைநாணை எடுத்து ஒட்டுப்போடும் சிகிச்சை இருக்கிறது. வேலூரில் 1948-ல் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை இடம் மாற்றி வைத்து மறுவாழ்வு தந்தார். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் 1971-ல் கைக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார்கள். "சென்னைக்கு அழைத்துப் போகிறேன், வா அக்கா" என்றேன்.

"முதலில் உன் விரல் நிமிரட்டும். நீ எழுதிப் பிழைக்கிறவன்" என்றாள்.

அவள் விரலுக்கும் வேலை உண்டு என்று மூன்று வருஷமாக எனக்குத் தோன்றவில்லையே!