நாற்றுப் பச்சையில் ஒரு முகம்

காவிரிக் கடைமடையில் ஒரு தொடக்கப் பள்ளி. அங்கே நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மெக்சிகோ மன்னர் ஒருவரின் முகத்தைக் காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பலெங்கே என்ற மாயா நகரை 615 முதல் 683 வரை ஆண்டவர் பக்கால். 1952இல் ஆல்பெர்த்தோ ரூஸ் அவருடைய கல்லறையைத் திறந்தபோது கிடைத்த, ஜேட் என்ற பச்சைக் கல்லின் துண்டுகளால் ஆன முகமூடிதான் மாதிரி. பன்னிரண்டு வயதில் பட்டம் கட்டிக்கொண்டவர் என்று கேள்விப்பட்டதும் ஐந்தாம் வகுப்புக்கு அவர் மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

சொல்லிக்கொடுக்க வந்திருந்தவர் பக்கத்து ஊர் ஓவிய ஆசிரியர். ஊதிய பலூன் மேல் மைதாப் பசையில் நனைத்த செய்தித்தாள் கீற்றுகளை நான்கைந்து அடுக்கு ஒட்டி, காயவைத்து, நெடுக்கில் வெட்டினால் இரண்டு முகம் தேறும். மூக்குக்கு முட்டை அட்டையின் கூம்பு. சுவரொட்டிக்காரர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், இங்கே அந்தப் பேச்சே இல்லை. அதனால் பசை அன்றன்றைக்குக் காய்ச்சியதுதான்.

கடையில் விற்கும் வண்ணத்தாளை அவர் உள்ளே விடவில்லை. ஒரே பச்சையில் உயிர் இருக்காது என்பது அவர் கட்சி. விவசாய இதழ்களின் வயல் படம், புடவைக்கடை விளம்பரம், பழைய காலண்டர் என்று கிழித்ததில் தரைமுழுக்கப் பத்துவிதப் பச்சை. கத்தரிக்கோலும் கூடாது. வழவழப்பான தாளைக் கையால் கிழித்தால் ஓரத்தில் மெல்லிய வெள்ளை தெரியும். ஒட்டியபின் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள இணைப்புக் கோடாக அது நிற்கும். இந்த ஒரு தந்திரத்துக்காகவே நான் வந்தது வீண்போகவில்லை என்று தோன்றியது.

ஒரு சிறுமி சதுரங்களை வரிசை பிசகாமல் ஒட்டி முடித்திருந்தாள். சுத்தமான வேலை. முகம்தான் வரவில்லை.

“இது தரைக்கு டைல்ஸ் போட்ட மாதிரி இருக்கு கண்ணு. கண்ணைச் சுத்தி முதல்ல வை. அப்புறம் கன்னம் எப்படி வளையுதோ அப்படியே போ.”

உரித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். இரண்டாவது வரிசையிலேயே கன்ன எலும்பு எழுந்தது. பக்காலின் முகத்தில் சுமார் 340 துண்டுகள். ஜேட்டில் இரும்புக் கத்தி கீறாது. மாயாக் கைவினைஞர்களிடம் இரும்பும் இல்லை. மணலும் நீரும் கயிறும் கொண்டு அறுத்து, ஒவ்வொரு துண்டையும் அதனதன் இடத்துக்கேற்பத் தேய்த்திருக்கிறார்கள். இதைப் படத்தில் காட்டிப் புரியவைக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். உரித்து ஒட்டியவளுக்குப் புரிந்திருக்கும்.

“செத்தவருக்கு எதுக்கு சார் முகமூடி?” என்றான் ஒருவன்.

மாயர்களுக்கு ஜேட்டின் பச்சை மக்காச்சோளப் பயிரின் பச்சை, மறுபடி முளைப்பதன் நிறம் என்றார் ஆசிரியர். பக்காலின் வாயிலும் ஒரு ஜேட் மணி வைத்திருந்தார்கள் என்றதும் பின்வரிசையிலிருந்து குரல் வந்தது: “வாய்க்கரிசியா சார்?”

“கிட்டத்தட்ட” என்றார். இதற்கு மேல் நல்ல விளக்கம் எந்த அருங்காட்சியகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

முதலில் கேள்வி கேட்டவன் அதற்குள் தன் முகமூடியின் கண்ணில் ஓட்டை போட எழுந்துவிட்டான். பக்காலுக்குக் கண்ணில் ஓட்டை கிடையாது, சிப்பியும் எரிமலைக் கண்ணாடிக் கல்லும்தான் பதித்திருக்கும் என்று ஆசிரியர் தடுத்தார்.

“அவர் செத்துட்டாரு சார். எனக்குப் பார்க்கணும்ல?”

ஆசிரியர் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தார்.