ஆரம்ப இருப்பில் மகிழ்ச்சி

"எல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார்." பரீட்சை ஹாலுக்கு வெளியே, ஆஸ்பத்திரி வராந்தாவில், இன்டர்வியூ முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது... எத்தனை முறை காதில் விழுந்த வாக்கியம் இது! சொன்னவரே அன்று இரவு தூக்கம் வராமல் புரண்டு படுப்பதும் உண்டு. பாரத்தை இறக்கி வைத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே அதன் ஒரு முனையை விடாமல் பிடித்திருப்பது மாதிரி! கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்தால் சந்தோஷம் வரும் என்கிறார்கள். அப்படியானால் ஏன் பல பேருக்கு வருவதில்லை?

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. ஆச்சரியமாக இருக்கிறதா? ஜார்ஜ் முல்லர் என்பவரின் கணக்குப் புத்தகம் அது.

முல்லர் 1805-ல் பிரஷ்யாவில் பிறந்தவர். அப்பா வரி வசூலிக்கும் அதிகாரி. அவர் வீட்டில் வைத்திருந்த அரசாங்கப் பணத்திலேயே சிறுவயதில் கை வைத்தவர் மகன்! 16 வயதில் விடுதியில் தங்கிவிட்டுப் பணம் கட்டாததால் சிறைக்கும் போனார். 1825-ல், ஹாலே நகரில் படிக்கும்போது, நண்பர் ஒருவரோடு ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போனார். அன்றிலிருந்து வாழ்க்கை திரும்பியது. பிறகு இங்கிலாந்து போய் ஒரு சிறிய சபைக்குப் போதகரானார்.

1830-ல் அவர் செய்த ஒரு வேலை, தன் சம்பளத்தை வேண்டாம் என்று சொன்னது! ஆலயத்தில் இருக்கைக்கு வாடகை வாங்கித்தான் அந்தச் சம்பளம் வந்தது. பணக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்கு ஓரம் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெட்டி வைத்தார். விரும்பியவர் விரும்பியதைப் போடலாம். யாரிடமும் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்று அவரும் மனைவி மேரியும் முடிவெடுத்தார்கள்.

(மேரியின் அண்ணன் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் இந்தியாவுக்கு வந்த மிஷனரி. அவரோடு பழகிய திருநெல்வேலிச் சீமையின் அருளப்பனும் நிலையான சம்பளம் இல்லாமல் ஊழியம் செய்தவர்தான்.)

1836-ல் பிரிஸ்டல் நகரில் அநாதைக் குழந்தைகளுக்கு ஒரு இல்லம் தொடங்கினார் முல்லர். வீட்டுக்காக ஜெபித்தார், பணத்துக்காக ஜெபித்தார், வேலையாட்களுக்காக ஜெபித்தார். எல்லாம் கிடைத்தது. விண்ணப்பம் வாங்கும் நாளும் வந்தது. ஒரு குழந்தை கூட வரவில்லை! அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குழந்தைகள் வரவேண்டும் என்று மட்டும் அவர் ஜெபிக்கவே இல்லை. அதை மட்டும் 'தானாக நடக்கும்' என்று தன் கணக்கிலேயே வைத்திருந்தார். அன்று மாலை அதையும் ஒப்புக்கொடுத்தார். மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது.

ஆனால் இந்தக் கதைகளை மட்டும் கேட்டால் ஒரு தவறான எண்ணம் வந்துவிடும். 'அவருக்குப் பணம் வந்தது, அதனால் சந்தோஷமாக இருந்தார்' என்று. நடந்தது அதற்கு நேர்மாறு.

1841-ஆம் ஆண்டைப் பாருங்கள். அதுவரை முல்லர் காலையில் எழுந்ததும் ஜெபிக்கத் தொடங்குவார். மனம் அங்கும் இங்கும் ஓடும். கால் மணி, அரை மணி நேரம் கழித்துத்தான் ஜெபம் பிடிபடும். அந்த ஆண்டு இதை மாற்றினார். முதலில் வேதத்தைத் திறந்து, மெதுவாகத் தியானித்து, தேவனில் மனம் மகிழ்ச்சி அடையும்வரை காத்திருக்கத் தொடங்கினார். ஊழியம், குழந்தைகள், பணம் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு நாளும் தன் முதல் வேலை இதுவே என்று எழுதி வைத்தார்.

அதே ஆண்டு டிசம்பரில் என்ன ஆனது தெரியுமா? கையில் பணம் இல்லை. ஆண்டறிக்கை வெளியிட வேண்டிய நேரம். வெளியிட்டால் ஜனங்கள் நிலைமையைப் பார்த்து உதவுவார்கள். வேறு யாராக இருந்தாலும் அவசரமாக அச்சடித்திருப்பார்கள். முல்லர் தள்ளிப்போட்டார்! கஷ்டத்தில் அறிக்கை விடுவது மறைமுகமாகக் கேட்பதுதானே என்று நினைத்தார். இன்னொரு சமயம் ஒருவர், இப்போது ஏதாவது தேவை உண்டா என்று கடிதத்திலேயே கேட்டார். கையில் சில பென்ஸ்தான் இருந்தது. அதைச் சொல்ல முடியாது என்று பதில் எழுதினார். அந்த மனிதர் 100 பவுண்டு அனுப்பினார்.

ஒப்புக்கொடுத்தவர் கை கட்டி உட்கார்ந்திருந்தாரா? இல்லவே இல்லை. 1857 குளிர்காலத்தில் இல்லத்தின் பாய்லர் ஒழுகியது. சரிசெய்ய அதை அணைக்க வேண்டும், வெளியே குளிர்ந்த வடகாற்று. தென்காற்று வரவேண்டும் என்று ஜெபித்தார், வேலையாட்களையும் வரவழைத்தார். காற்று திரும்பியது. அவர்களும் இரவெல்லாம் வேலை செய்தார்கள். வந்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதியவர் அவர். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார். விளைவைச் சுமப்பதை மட்டும் விட்டார்.

கடைசியில் அவரது இல்லங்களில் வளர்ந்த குழந்தைகள் 10,000-க்கும் மேல். கைக்கு வந்து போனது சுமார் 15 லட்சம் பவுண்டு. ஆனால் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ஒரு மகனைக் குழந்தையாகவே இழந்தார். 1870-ல், 39 ஆண்டுகள் கூட வாழ்ந்த மேரியும் இறந்தார். அவருடைய அடக்க ஆராதனையில் முல்லரே பிரசங்கித்தார். கர்த்தர் நல்லவர் என்று சொல்லும் 119-ஆம் சங்கீத வசனத்தை எடுத்துக்கொண்டு, மேரியைத் தந்ததிலும், இத்தனை காலம் விட்டுவைத்ததிலும், எடுத்துக்கொண்டதிலும் அவர் நல்லவரே என்றார். அழவில்லை என்று அர்த்தமில்லை. ஆழமான துக்கம் இருந்தது. அந்தத் துக்கத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது.

பெரும்பாலானவர்கள் சந்தோஷத்தை நிகர லாபம் மாதிரி நினைக்கிறார்கள். வரவு, செலவு எல்லாம் முடிந்து, கடைசி வரியில் மீதி இருந்தால்தான் சந்தோஷம். முல்லர் அதை ஆரம்ப இருப்பாக முதல் வரியில் எழுதினார். அதற்குப் பிறகு வரவு குறைந்த நாளும் உண்டு, பெரிய இழப்பு எழுதிய நாளும் உண்டு. கணக்கு திவாலாகவில்லை.

ரிசல்ட் வந்த பிறகு நம்புவதற்குப் பெயர் நம்பிக்கையா நண்பர்களே? நாளைக் காலை, செல்போனைத் தொடுவதற்கு முன், முதல் வரியில் என்ன எழுதப் போகிறீர்கள்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்!