வெட்டிய ஏரிக்கு வந்த வாத்துகள்

டெல்லிக்குப் படிக்க வந்த முதல் குளிர்காலம். "பறவை பார்க்கலாம் வாடா" என்று விடுதி நண்பன் விடியுமுன் எழுப்பி இழுத்துப் போனான். வஜிராபாத் பக்கம், ஜகத்பூர் கிராமத்தை ஒட்டிய யமுனா பல்லுயிர்ப் பூங்கா. நாணல், தண்ணீர், நடுவே மண் திட்டுகள். சிவந்த அலகும் செம்பழுப்புத் தலையுமாக ஒரு வாத்துக் கூட்டம். ரெட் க்ரெஸ்டட் போச்சார்டாம், மத்திய ஆசியாவிலிருந்து வருகிறதாம். ஆறு விட்டுப்போன ஏரி என்றே நினைத்திருந்தேன்.

"வெட்டினதுடா இது" என்றான். சப்பென்று ஆகிவிட்டது.

ஏமாந்த எரிச்சலில்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு காலத்தில் யமுனை வெள்ளம் பரவிய நிலம். கரை எழுப்பிய பிறகு ஆறு அந்தப் பக்கம் வரவில்லை. வெள்ளம் நின்றால் வண்டல் இல்லை, உப்பைக் கழுவிப் போகவும் ஆளில்லை. டெல்லி வளர்ச்சி ஆணையமும் டெல்லிப் பல்கலைக்கழகமும், பேராசிரியர் சி. ஆர். பாபுவின் வழிகாட்டுதலில், 2002-ல் வேலையைத் தொடங்கியபோது அது உவர்நிலம். உடனே மரக்கன்று நட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை (நம்மூர் விழாக்கள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல!). முதலில் புல். புல் மண்ணைத் தேற்றிய பிறகே மரம். ஏரியையும் ஒரே ஆழமாக வெட்டவில்லை. நின்று மேயும் பறவைக்கு ஓரத்தில் கணுக்காலளவு தண்ணீர், முங்கும் வாத்துக்கு ஆழம், ஒதுங்க ஒரு திட்டு. ஆறு தானாகச் செய்துவந்ததை மனிதர்கள் யோசித்து யோசித்துச் செய்திருக்கிறார்கள். என் எரிச்சல் அங்கேயே போய்விட்டது.

இன்று பூங்கா 457 ஏக்கர். ஒரு பகுதி கரைக்கு அந்தப்புறம், ஆறு இன்னும் தொடுகிற நிலத்தில் இருக்கிறது.

2016 நவம்பரில் ஒரு சிறுத்தை வந்து சேர்ந்தது. பூங்காவில் உழைத்தவர்களுக்கு அது நற்சான்றிதழ். பக்கத்துக் கிராமத்தாருக்கோ தூக்கம் போயிற்று. டிசம்பரில் கூண்டு வைத்துப் பிடித்து சிவாலிக் மலைக்காட்டில் விட்டார்கள். நண்பனுக்கு இன்றும் அதில் கோபம். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. வாசலில் மாடு கட்டியிருப்பவரிடம் போய் உணவுச் சங்கிலி பற்றிப் பேச முடியுமா?

ஆனால் ஒன்றில் இருவரும் ஒத்துப்போகிறோம். 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் தொட்டது. 1978-ன் 207.49 மீட்டரைத் தாண்டிய அளவு. செங்கோட்டை ஓரச் சாலையெல்லாம் தண்ணீர். 'நகருக்குள் ஆறு புகுந்தது' என்றார்கள். புகுந்தது யார் என்று நண்பன் கேட்டான். கரையோரமாகத் தெற்கே போனால் அதே வெள்ளச் சமவெளியில் கட்டிடங்கள்தான். அவற்றுக்கு முன்னால் இந்த 457 ஏக்கர் எம்மாத்திரம்?

இந்தக் குளிர்காலத்தில் மறுபடி போகிறோம். அலாரம் வைப்பது அவன் பொறுப்பு.